அதிபர் சொன்னால் ஆளுநர் கேட்க வேண்டுமா? அமெரிக்கக் கூட்டாட்சி: ஓர் எளிய விளக்கம்

சென்னையிலிருந்து வேலைக்காக டாலஸ் நகருக்குக் குடிபோகும் ஒரு பொறியாளர், போன முதல் மாதத்திலேயே இரண்டு அரசாங்கங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். விசா கொடுத்தது ஃபெடரல் அரசு, அதாவது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு. சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அங்கிருந்துதான் வரும். ஆனால் ஓட்டுநர் உரிமம் தருவது டெக்சாஸ் மாநிலம். பிள்ளைகளின் பள்ளி, மாநிலச் சட்டத்தின்கீழ் இயங்கும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு. சம்பளத்திலிருந்து வாஷிங்டனுக்கு வருமான வரி போகும். டெக்சாசுக்குப் போகாது, ஏனென்றால் அங்கே மாநில வருமான வரியே கிடையாது. அதே நிறுவனம் அவரைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றினால் இரண்டு வரியும் உண்டு. வேகமாக ஓட்டியதற்கு அபராதம், வாடகை ஒப்பந்தம், திருமணம், விவாகரத்து, உயில், கொலை வழக்கு எல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான்.

அமெரிக்க அரசியல் செய்திகளைப் படிக்கும்போது இந்த இரட்டை அமைப்புதான் நம்மை அடிக்கடி குழப்புகிறது. அதிபர் ஓர் உத்தரவு போடுகிறார். மறுநாளே ஓர் ஆளுநர் முடியாது என்கிறார். அதற்கடுத்து, பெயர் தெரியாத ஒரு மாவட்ட நீதிபதி அதிபரின் உத்தரவுக்கே தடை போடுகிறார். உலகிலேயே பலம் பொருந்திய நாற்காலிக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று தோன்றும். மாநில அரசை ஃபெடரல் அரசுக்குக் கீழ்ப்பட்ட ஓர் அலுவலகமாக நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது. அங்கே அப்படி ஒரு மேல்கீழ் வரிசை கிடையாது. இரண்டும் தனித்தனி அரசுகள்; ஒரே மண்ணில், ஒரே மக்கள்மீது ஆட்சி செய்கின்றன. இன்னொன்றும் உண்டு, அதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன்: மாநிலங்களை வாஷிங்டனிடமிருந்து பெரும்பாலும் காப்பாற்றுவது, வாஷிங்டனுக்குள்ளேயே நடக்கும் இழுபறிதான்.

மாநிலங்கள் முந்தியவை

1776-ல் பிரிட்டனிடமிருந்து பிரிந்தபோது 13 குடியேற்றங்களும் தங்களைத் தனித்தனி அரசுகளாகவே நினைத்தன. 1781-ல் நடைமுறைக்கு வந்த முதல் ஒப்பந்தத்தின்படி மத்தியில் ஒரு காங்கிரஸ் இருந்தது. (அங்கே காங்கிரஸ் என்பது நாடாளுமன்றம், கட்சிப் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். 1786-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைவீரரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தபோது, ஒரு படை திரட்டக்கூட மத்தியில் காசு இல்லை.

இந்தப் பலவீனம் பயமுறுத்தியதால் 1787 மே முதல் செப்டம்பர் வரை ஃபிலடெல்ஃபியாவில் கூடிப் புதிய அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் ஆளே அனுப்பவில்லை. வந்தவர்களுக்குள்ளும் சந்தேகம். மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் வேண்டும் என்றன பெரிய மாநிலங்கள். எல்லோருக்கும் சமம் என்றன சிறியவை. கடைசியில் இரண்டு அவைகள் என்று சமரசம் ஆனது. பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம், செனட் சபையில் மாநிலத்துக்கு இரண்டு பேர். ஏறக்குறைய 3.9 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும், 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் இன்றும் செனட்டில் தலா இரண்டு இடம்தான். நியாயமா என்று கேட்டால், எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தச் சமரசம் இல்லாவிட்டால் சிறிய மாநிலங்கள் கையெழுத்தே போட்டிருக்காது.

அவர்கள் அதிகாரத்தை இரண்டு விதமாக வெட்டினார்கள். ஃபெடரல் அரசுக்குள் சட்டம் இயற்றக் காங்கிரஸ், நிறைவேற்ற அதிபர், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் என்று மூன்று கிளைகள். அதன்பிறகு ஃபெடரல் அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையில் இன்னொரு வெட்டு. அரசமைப்பை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் இதை மக்களின் உரிமைக்கு இரட்டைப் பாதுகாப்பு என்று விளக்கினார். பாடப்புத்தகங்கள் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் சொல்லிவிட்டுப் போய்விடும். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

தாளில் எழுதியிருப்பது

காங்கிரஸ் எவற்றைப் பற்றிச் சட்டம் போடலாம் என்று அரசமைப்பின் முதல் பிரிவில் ஒரு பட்டியல் உண்டு: வரி, கடன், நாணயம், தபால், போர் அறிவிப்பு, ராணுவம், குடியுரிமை வழங்கும் விதி, திவால் சட்டம், மாநிலங்களுக்கிடையிலான வணிகம். பட்டியலில் இல்லாத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது 1791-ல் சேர்ந்த பத்தாவது திருத்தம். இந்தியாவில் நேர்மாறு, எஞ்சிய அதிகாரம் ஒன்றியத்திடம் இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அதே பட்டியலின் கடைசியில், இந்த அதிகாரங்களைச் செயல்படுத்த 'தேவையான, பொருத்தமான' சட்டங்களையும் காங்கிரஸ் இயற்றலாம் என்று ஒரு வாசகம். வேறோர் இடத்தில், செல்லுபடியாகும் ஃபெடரல் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் ஃபெடரல் சட்டமே நிற்கும் என்று இன்னொரு வாசகம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான வழக்குகள் இந்த இரண்டு வாசகங்களைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

முதல் பெரிய வழக்கு 1819-ல் வந்தது. காங்கிரஸ் உருவாக்கிய தேசிய வங்கியின் பால்டிமோர் கிளைமீது மேரிலாண்ட் மாநிலம் வரி போட்டது. வங்கியின் காசாளர் மெக்கலக் கட்ட மறுத்தார். பட்டியலில் வங்கி என்ற சொல்லே இல்லையே என்று மாநிலம் வாதிட்டது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், வரி வசூலிக்கவும் கடன் வாங்கவும் அதிகாரம் உள்ள அரசுக்கு அதற்கு உதவும் வங்கி அமைக்கவும் அதிகாரம் உண்டு என்றார். வரி போடும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது, ஆகவே ஒரு மாநிலம் முழு நாட்டின் அமைப்பை வரியால் நசுக்க முடியாது என்றும் சொன்னார். இதற்கு 16 ஆண்டுகளுக்கு முன், 1803-ல், அரசமைப்புக்கு முரணான சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தவரும் இதே மார்ஷல்தான். எல்லைக்கோட்டை யார் வரைவது என்ற கேள்விக்கு, நாங்கள்தான் என்று நீதிமன்றம் தன்னையே கைகாட்டிக்கொண்டது. அந்த நீதிமன்றமும் ஃபெடரல் அரசின் ஒரு கிளை என்பதை மாநிலங்கள் அன்றிலிருந்தே முணுமுணுத்து வருகின்றன.

இந்திய அரசியலில் ஊறியவர்கள் இங்கே சில பழக்கங்களைக் கழற்றி வைக்க வேண்டும். அமெரிக்க ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் இடம் அவருடையது. அதிபர் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆண்டுகளில் நடந்ததுபோல ஆட்சியைக் கலைக்க அங்கே 356-வது பிரிவு மாதிரி எதுவும் இல்லை. 2014-ல் ஆந்திர சட்டமன்றம் எதிர்த்தும் நாடாளுமன்றம் தெலங்கானாவைப் பிரித்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் எல்லையை அதன் சட்டமன்றச் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போல இரு அரசுகளுக்கும் பொதுவான அதிகாரிகள் இல்லை. நீதிமன்றங்களும் இரண்டு வரிசை: மாநில நீதிமன்றங்கள் ஒரு பக்கம், ஃபெடரல் நீதிமன்றங்கள் ஒரு பக்கம்.

சொந்தக் கோதுமைக்கு ஓர் அபராதம்

பட்டியலில் உள்ள 'மாநிலங்களுக்கிடையிலான வணிகம்' என்ற வாசகம் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு ஓஹையோ மாநிலத்து விவசாயி ராஸ்கோ ஃபில்பர்னின் கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1930-களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் கோதுமை விலை சரிந்ததால், யார் எத்தனை ஏக்கர் பயிரிடலாம் என்று ஃபெடரல் அரசு அளவு வைத்தது. ஃபில்பர்னுக்கு 11.1 ஏக்கர். அவர் 23 ஏக்கரில் விதைத்தார். கூடுதலாக விளைந்தது 239 புஷல் (அங்கே தானியத்தை அளக்கும் அளவு). அதற்கு 117 டாலர் 11 சென்ட் அபராதம். அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: கூடுதல் கோதுமையை நான் மாநிலம் தாண்டி விற்கவில்லை, என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டுக்கும்தான் என்றார். சொந்தத் தொழுவத்து மாடு தின்னும் தீவனம் எப்படி மாநிலங்களுக்கிடையிலான வணிகம் ஆகும்?

ஆகும் என்றது உச்ச நீதிமன்றம், 1942-ல், ஒருமனதாக. சொந்தமாக விளைவிப்பவர் சந்தையில் வாங்க மாட்டார். ஒருவர் அப்படிச் செய்தால் ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் செய்தால் நாடு முழுவதும் கோதுமை விலை பாதிக்கும். ஆகவே காங்கிரஸ் தலையிடலாம்.

இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டால், எதைத்தான் தொட முடியாது? ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடலாம் என்றுதான் ஆனது. அதன் விளைவுகளில் நல்லதும் உண்டு. கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்த அட்லாண்டா விடுதி ஒன்று, இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்து அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம்வரை போனது. விடுதியில் தங்குபவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் பயணிப்பவர்கள், ஆகவே இது வணிகம் என்று சொல்லித்தான் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. மனித கண்ணியத்தைக் காக்க வணிகப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது விசித்திரம்தான்.

அரை நூற்றாண்டுக்கும் மேல் இந்த வாசகத்துக்கு அணையே இல்லாததுபோல் இருந்தது. 1995-ல்தான் நீதிமன்றம் கையைக் காட்டி நிறுத்தியது. பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் குற்றமாக்கிய சட்டத்தை, இதில் வணிகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு 5-4 என்ற கணக்கில் ரத்து செய்தது. 2012-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்ட வழக்கில், ஒரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று வணிகப் பிரிவின்கீழ் மக்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஆனால் வாங்காதவருக்கு விதித்த தொகையை வரி என்று எடுத்துக்கொண்டு சட்டத்தைப் பிழைக்க வைத்தது.

கட்டளையிட முடியாது

மேலே சொன்னதைப் படித்தால் மாநிலங்கள் தோற்றுக்கொண்டே வந்தன என்று தோன்றும். அப்படி இல்லை, இங்கேதான் நுட்பமான ஒரு வேறுபாடு இருக்கிறது. ஃபெடரல் அரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து, தன் செலவில், நேரடியாக மக்கள்மீது நடைமுறைப்படுத்தலாம். மாநில அதிகாரியிடம் இதை நீ செய் என்று உத்தரவு போட முடியாது. 1993-ன் பிரேடி சட்டம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைத் தற்காலிகமாக ஷெரிஃபுகள், அதாவது உள்ளூர்க் காவல் தலைவர்கள், சரிபார்க்க வேண்டும் என்றது. மொன்டானாவிலும் அரிசோனாவிலும் இரண்டு ஷெரிஃபுகள் வழக்குப் போட்டார்கள். 1997-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

இதன் வேர் இன்னும் பழையது, கொஞ்சம் சங்கடமானதும்கூட. தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பது ஃபெடரல் சட்டத்தின் வேலை, அதில் மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1842-லேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. வட மாநிலங்கள் சில அதைப் பிடித்துக்கொண்டு ஒத்துழைக்க மறுத்தன. இன்று குடியேற்ற அதிகாரிகளுக்கு எங்கள் போலீஸ் உதவாது என்று சில மாநிலங்களும் நகரங்களும் சொல்வதும் இதே தடத்தில்தான். ஃபெடரல் அதிகாரி அங்கே வந்து கைது செய்வதை அவை தடுக்க முடியாது. உதவாமல் இருக்கலாம், அவ்வளவே.

அந்த 'அவ்வளவே' எத்தனை பெரியது என்பதைக் கஞ்சாக் கடைகளில் பார்க்கலாம். 1970-ன் ஃபெடரல் சட்டப்படி நாடு முழுவதும் கஞ்சா விற்பது குற்றம். கலிஃபோர்னியா 1996-ல் மருத்துவத் தேவைக்கு அனுமதித்தது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-ல் பொதுவாக்கெடுப்பு வைத்துப் பெரியவர்கள் எல்லோருக்குமே அனுமதித்தன; இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அந்த வரிசையில். 2005-ல் உச்ச நீதிமன்றம், அதே கோதுமைத் தீர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீட்டில் சொந்த மருந்துக்கு வளர்த்த கஞ்சாவையும் காங்கிரஸ் தடை செய்யலாம் என்று சொல்லிவிட்டது. சட்டப்படி ஃபெடரல் அரசு முழு வெற்றி. ஆனால் டென்வர் நகரில் கடைகள் திறந்தே இருக்கின்றன.

காரணம் எளிது. அமெரிக்காவில் போதைப்பொருள் வழக்குகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பது மாநில, உள்ளூர் போலீஸ். அவர்கள் ஒதுங்கிவிட்டால் ஒவ்வொரு கடைக்கும் அனுப்ப வாஷிங்டனிடம் ஆள் இல்லை. கடைக்காரரின் நிலைமையைப் பாருங்கள். மாநிலம் அவருக்கு உரிமம் தருகிறது, வரி வாங்குகிறது. ஃபெடரல் வருமான வரித்துறையும் வரி வாங்குகிறது. ஆனால் போதைப்பொருள் வியாபாரிக்காக 1982-ல் எழுதிய விதிப்படி கடை வாடகையையும் ஊழியர் சம்பளத்தையும் செலவாகக் கழிக்க விடுவதில்லை. ஃபெடரல் சட்டத்துக்குப் பயந்து பல வங்கிகள் கணக்குத் தர மறுப்பதால் ரொக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

இதே விஷயத்தில் மூன்று கிளைகளும் மூன்று பக்கம் இழுத்தன. 2013-ல் ஒபாமாவின் நீதித்துறை (நீதிமன்றம் இல்லை, அதிபரின் கீழ் ஃபெடரல் வழக்குகளை நடத்தும் துறை), மாநில விதிப்படி நடப்பவர்கள்மேல் வழக்குப் போடுவதற்கு முன்னுரிமை வேண்டாம் என்று குறிப்பு அனுப்பியது. 2018 ஜனவரியில் அந்தத் துறையின் தலைவரான டிரம்பின் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். அதற்கு முன்பே, 2014 இறுதியில், மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களைத் தடுக்க நீதித்துறை ஒரு டாலர்கூடச் செலவழிக்கக் கூடாது என்று காங்கிரஸ் நிதிச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது. தான் போட்ட தடையைத் தானே நீக்காமல், அதைச் செயல்படுத்தும் பணத்தை மட்டும் காங்கிரஸ் நிறுத்தி வைத்திருக்கிறது. குற்றம் குற்றமாகவே இருக்கிறது. பிடிக்கத்தான் பட்ஜெட் இல்லை.

பணம் பேசும்

கட்டளையிட முடியாத இடத்தில் வாஷிங்டன் பணத்தை நீட்டும். பல மாநிலங்களின் மொத்த வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஃபெடரல் மானியம். மது வாங்கும் வயதை 21 ஆக்க வேண்டும் என்று காங்கிரஸ் நேரடியாக உத்தரவிடவில்லை. 1984-ல், ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு சிறு சதவீதம் குறையும் என்றது. 19 வயதினருக்கு மென்மையான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 1974-ல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு வந்ததும் இதே நெடுஞ்சாலை நிதியைக் காட்டித்தான்.

எவ்வளவு அழுத்தினால் அது மிரட்டல்? 2012-ல் இதற்கு ஓரளவு விடை கிடைத்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவத் திட்டத்தை விரிவாக்காத மாநிலங்கள் ஏற்கெனவே பெற்றுவரும் மெடிகெய்ட் நிதி முழுவதையும் இழக்கலாம் என்று ஒபாமாவின் சட்டம் சொன்னது. இது தலையில் துப்பாக்கி வைப்பதற்குச் சமம், செல்லாது என்றது நீதிமன்றம். அதனால்தான் டெக்சாசும் ஃபுளோரிடாவும் அந்த விரிவாக்கத்தில் சேராமலே இருக்கின்றன. ஒரே வருமானமுள்ள ஏழைக்கு ஒரு மாநிலத்தில் காப்பீடு கிடைக்கும், பக்கத்து மாநிலத்தில் கிடைக்காது. கூட்டாட்சியைப் புகழ்பவர்கள் இந்த விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

மாநிலங்கள் இழுத்தடித்தும் காரியம் சாதிப்பதுண்டு. 2001 தாக்குதலுக்குப் பிறகு ஓட்டுநர் உரிமங்களுக்குப் பொதுவான பாதுகாப்புத் தரம் வேண்டும் என்று 2005-ல் ரியல் ஐடி சட்டம் வந்தது. உரிமம் தருவது மாநிலத்தின் வேலை. ஆகவே, தரம் இல்லாத உரிமத்தை விமான நிலையத்தில் ஏற்க மாட்டோம் என்றுதான் சொல்ல முடிந்தது. 2007-ல் மெய்ன் மாநிலச் சட்டமன்றம் முடியாது என்று தீர்மானம் போட, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 2008-க்கு வைத்த கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 மே 7-ல்தான் விமான நிலையங்களில் நடைமுறைக்கு வந்தது.

வாஷிங்டனுக்குள் சண்டை, மாநிலத்துக்கு லாபம்

ஃபெடரல் சட்டம் ஒன்று பிறக்க இரண்டு அவைகள் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட வேண்டும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு நடைமுறையில் 100-ல் 60 வாக்கு தேவைப்படுகிறது. அதனால் சட்டங்கள் வருவதே குறைவு. காங்கிரஸ் முடங்கிக் கிடக்கும்போது அதிபர்கள் உத்தரவு போட்டு ஆளப் பார்க்கிறார்கள். அங்கேதான் மாநிலங்களுக்கு வாய்ப்பு. உங்களுக்கு இந்த அதிகாரத்தைக் காங்கிரஸ் கொடுத்ததா என்று கேட்டு நீதிமன்றம் போய்விடலாம்.

2017-ல் டிரம்ப், குடியேற்ற விஷயத்தில் ஒத்துழைக்காத நகரங்களுக்கு மானியத்தை நிறுத்துவேன் என்று உத்தரவிட்டார். நிதிக்கு நிபந்தனை வைப்பது காங்கிரசின் வேலை, அதிபர் தானாக வைக்க முடியாது என்று 2018-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது. சான் ஃபிரான்சிஸ்கோவைக் காப்பாற்றியது பத்தாவது திருத்தம் மட்டும் இல்லை. காங்கிரசுக்கும் அதிபருக்கும் நடுவில் இருக்கும் கோடு.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக ஓர் அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், உண்டு. 43 மாநிலங்களில் மக்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாஷிங்டன்மேல் வழக்குப் போடுவது இப்போது இவர்களுக்கு ஏறக்குறைய முழுநேர வேலை. புஷ் காலத்தில் மாசசூசெட்ஸ் தலைமையில் 12 மாநிலங்கள், கார் புகையில் உள்ள கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த மறுத்த சுற்றுச்சூழல் முகமையை நீதிமன்றத்துக்கு இழுத்து 2007-ல் வென்றன. ஒபாமா காலத்தில் டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் அவருடைய குடியேற்றத் திட்டம் ஒன்றை முடக்கின. உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று சமமாகப் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத்தின் தடையே நின்றது. பைடன் அறிவித்த, சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடன் தள்ளுபடியை 2023-ல் நெப்ராஸ்கா உள்ளிட்ட 6 மாநிலங்கள் வீழ்த்தின. கவனித்தால் ஒன்று தெரியும். வாஷிங்டனில் ஆட்சியை இழந்த கட்சிக்கு மறுநாளே மாநில உரிமையில் பக்தி பிறந்துவிடும்.

இந்தச் சந்தர்ப்பவாதம் புதிதில்லை. 1850-களில் அடிமை முறையைக் காக்க மாநில உரிமை பேசிய தென் மாநிலங்கள்தான், தப்பியோடிய அடிமைகளைத் திருப்பிப் பிடித்துத் தரக் கடுமையான ஃபெடரல் சட்டம் வேண்டும் என்றும் கேட்டன. அந்தச் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் அறிவித்தபோது, 1859-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது.

படை வரும்போது

உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1868-ல் வந்த பதினான்காவது திருத்தம் இந்தக் கணக்கையே மாற்றியது. எந்த மாநிலமும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை ஒருவருக்கு மறுக்கக் கூடாது என்று அது மாநிலங்களைப் பார்த்தே பேசுகிறது. ஆனால் அந்த வாசகம் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கூடம்வரை வந்துசேர, இனவாரியாகப் பிரித்த பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த 1954 ஆனது. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்க மாநில நேஷனல் கார்டு படையை நிறுத்தினார். அந்தப் படைக்கு ஓர் இரட்டைத் தன்மை உண்டு: சாதாரண நாள்களில் ஆளுநரின் கீழ், சட்டம் சொல்லும் சில சூழ்நிலைகளில் அதிபர் அதைத் தன் கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அன்றைய அதிபர் ஐசன்ஹோவர் அதையே செய்தார். கூடவே ராணுவத்தின் 101-வது வான்வழிப் பிரிவையும் அனுப்பினார். மாணவர்களை மறித்து நின்ற அதே நேஷனல் கார்டு, அதிபரின் கட்டளையில் அவர்களுக்குக் காவலாக மாறியது. 1965-ல் அலபாமா ஆளுநர் கேட்காமலே, செல்மாவிலிருந்து புறப்பட்ட வாக்குரிமைப் பேரணிக்குப் பாதுகாப்பாக அதிபர் ஜான்சன் அந்த மாநிலப் படையை எடுத்துக்கொண்டார்.

அதே அதிகாரம் 2025 ஜூனில் வேறு காரியத்துக்கு வந்தது. குடியேற்றக் கைதுகளை எதிர்த்து லாஸ் ஏஞ்சலிசில் போராட்டம் நடந்தபோது, ஆளுநர் கேவின் நியூசம் எதிர்த்தும் டிரம்ப் கலிஃபோர்னியாவின் நேஷனல் கார்டை எடுத்துக்கொண்டார். மாநிலம் வழக்குப் போட்டது. மாவட்ட நீதிபதி மாநிலத்தின் பக்கம் நின்றார்; ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. லிட்டில் ராக்கில் அதிபரின் கையை வாழ்த்திய பலர் லாஸ் ஏஞ்சலிசில் அதைக் கண்டு அஞ்சினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் சொல்ல மாட்டேன். லிட்டில் ராக்கில் அதிபர் ஒரு நீதிமன்ற உத்தரவைக் காத்தார். ஆனால் அதிகாரம் யாருக்காகப் பயன்படும் என்பதை அரசமைப்பு முன்கூட்டி எழுதி வைப்பதில்லை.

எட்டாத மன்னிப்பு

அதிபரின் மன்னிப்பு அதிகாரம் எல்லையற்றது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கு ஒரு தெளிவான எல்லை உண்டு: ஃபெடரல் குற்றங்களுக்கு மட்டும். இரண்டு அரசுகள் என்பதால் ஒரே செயலுக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியே தண்டிக்கலாம். 2020-ல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற போலீஸ்காரர் டெரெக் ஷோவினுக்கு, மினசோட்டா மாநில நீதிமன்றம் கொலைக்காக இருபத்திரண்டரை ஆண்டு விதித்தது. பிறகு குடிமை உரிமை மீறலுக்காக ஃபெடரல் நீதிமன்றம் 21 ஆண்டு விதித்தது. இரண்டும் ஒருசேர ஓடுகின்றன. எந்த அதிபராவது மன்னிக்க நினைத்தாலும் அந்த 21 ஆண்டை மட்டுமே அழிக்க முடியும். மாநிலத் தண்டனையில் கைவைக்க மினசோட்டாவின் மன்னிப்பு வாரியம்தான் வேண்டும். அதில் ஆளுநர், மாநில அட்டர்னி ஜெனரல், மாநிலத் தலைமை நீதிபதி என மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.